வலிக்கவில்லை என்று யார் சொன்னது?

(தைப்பூச விரதம் தொடங்கிய வாரத்தில், மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில் ஒரு கோவில் மண்டபத்தில் பேசியது. நேரம் போதாமல் மேடையில் விட்டதில் கொஞ்சம் இங்கே சேர்த்திருக்கிறேன். கூட்டத்தில் எழுந்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவரத் தெரியவில்லை.)

கோவில் தலைவர் ஐயா அவர்களே, செயலாளர் தம்பி அவர்களே, மேடை மரியாதையை முதலில் முடித்துவிடுகிறேன். தம்பி என்று உரிமையோடுதான் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் றகர ரகரத்துக்காக என்னிடம் தலையில் குட்டு வாங்கியவர். இன்றைக்கு அழைப்பிதழில் ஒரு பிழை இல்லை, பார்த்தீர்களா? நகரசபையிலிருந்து வந்திருக்கும் அம்மையார் அவர்களே, முக்கால் மணி நேரம் விமானத்தில் பறந்து அண்டைத் தீவான ரெயூனியனிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, பக்கத்துத் தேவாலயத்திலிருந்து அழைப்பை மதித்து வந்திருக்கும் பாதிரியார் ஐயா அவர்களே, வருவதாகச் சொல்லி இன்னும் வந்து சேராத, வந்தால் நான் பேச்சை நிறுத்தி மறுபடி வணக்கம் சொல்ல வேண்டிய பெரியவர் அவர்களே, பின்கட்டில் ஏழு கறிக்குக் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! என் குரல் அங்கே வருகிறதோ இல்லையோ, உங்கள் தாளிப்பு இங்கே வருகிறது. எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பைக் கொடுத்தவர் செயலாளர். ஆவணப்படங்களில் மதத்தைக் காட்டும்போது வெவ்வேறு பண்பாட்டு மக்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது தலைப்பு. நான் சினிமாக்காரன் இல்லை, ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். ஆனால் படம் பார்ப்பேன். அதைவிட, படம் பார்க்கிறவர்களைப் பார்ப்பேன். மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன். ஒன்று, பார்க்கிறவர் கண். இரண்டு, படத்தில் பேசுகிறவர் குரல். மூன்று, காசு, யார் பணத்தில், யாருக்காக இந்தப் படங்கள் எடுக்கப்படுகின்றன என்பது.

'கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.' என்னிடம் படித்தவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். ஆமாம், நான் எந்தத் தலைப்பில் பேசினாலும் இந்தப் பழமொழி வந்துவிடும். நாய் துரத்தும்போது எறியக் கல் கிடைக்காத கதை என்றுதான் பலர் இதைச் சொல்வார்கள். என் தாத்தா ஒப்புக்கொள்ள மாட்டார். கோவில் வாசலில் கல்லில் செதுக்கிய ஒரு நாய் நிற்கிறது. சின்னப் பிள்ளை அதைப் பார்த்துப் பயந்து ஓடுகிறான். கல்தச்சன் வந்து தட்டிப் பார்த்து, நல்ல கருங்கல் என்கிறான். பிள்ளைக்குக் கல் தெரியவில்லை, தச்சனுக்கு நாய் தெரியவில்லை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. திருமூலர் மர யானையை வைத்து, 'மரத்தை மறைத்தது மாமத யானை' என்று பாடியதும் இதுதான். தாத்தா கரும்பு வெட்டியவர். திருமந்திரத்தைக் கண்ணால் கண்டதில்லை. எங்கிருந்து பிடித்தாரோ.

சரி, கதைக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

1980களின் நடுப்பகுதி. வடக்கே ரிவியேர் து ராம்பார் பக்கம் ஒரு கிராமத்தில் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வாத்தியார். பிரான்சிலிருந்து மூன்று பேர் காமிராவோடு வந்தார்கள். காவடியைப் படம் எடுக்க வேண்டுமாம். கொடியேற்றத்துக்கு முன்பே வந்து ஊரிலேயே தங்கிவிட்டார்கள். நல்ல பிள்ளைகள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விரதம் இருக்கிறவர்களோடு சேர்ந்து அவர்களும் மீனை விட்டார்கள், இறைச்சியை விட்டார்கள். ரம்மை விட்டார்களா என்பதில் மட்டும் ஊரில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு.

ஆற்றங்கரையில் அலகு குத்துவதிலிருந்து கோவிலில் பால் ஊற்றுவது வரை ஒன்று விடாமல் எடுத்தார்கள். எங்கள் பெரியம்மா அந்த வருஷம் பால்செம்பு எடுத்திருந்தார். நாம் இங்கே 'சம்போ' என்கிறோமே, அதுதான். நாக்கில் ஒரு சின்ன வெள்ளி வேல். காமிராவைப் பெரியம்மாவின் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனார்கள். வியர்வை தெரிந்தது, வேலின் முனையில் ஒட்டிய விபூதி தெரிந்தது.

இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார்கள். எடுத்த படத்தை எடுத்த ஊருக்கே காட்டுவோம் என்றார்கள். எத்தனை பேர் செய்வார்கள் இதை? சமூகக் கூடத்தில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, புரொஜெக்டர் வைத்தோம். ஊரே திரண்டது. தமிழர்கள் மட்டும் இல்லை. போஜ்புரி பேசும் குடும்பங்கள், கிரியோல் மீனவர்கள், மசூதித் தெருத் தையற்காரர், மூலைக்கடைச் சீனர், எல்லோரும். மொரீஷியஸில் இலவசமாகப் படம் என்றால் மதம் பார்க்க மாட்டோம்.

விளக்கை அணைத்தார்கள். இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்தியோடு பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பார், பாவம். திரையில் ஆறு வந்தது, பெண்கள் வரிசையாக வந்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: "அது என்னுடைய மஞ்சள் சேலை! வாங்கிக்கொண்டு போனவள் இன்னும் திருப்பித் தரவில்லை!" கூடமே அதிர்ந்தது. வாங்கினவளும் அங்கேதான் இருந்தாள். இரண்டு பேருக்கும் சண்டை. அதைத் தீர்ப்பதற்குள் திரையில் அலகு குத்தி முடிந்துவிட்டது. பாரிஸில் பார்த்தவர்கள் முகத்தை மூடிக்கொண்ட காட்சி அது என்று இயக்குநர் அப்புறம் என்னிடம் சொன்னார். எங்கள் ஊரில் அதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒருவர் காவடியோடு ஆடிக்கொண்டு வந்தார். கூடம் சட்டென்று அமைதியாயிற்று. அவர் செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவி எழுந்து நின்றார். யாரோ, "நிறுத்து, திரும்பப் போடு" என்றார்கள். திரும்பப் போட்டார்கள். இன்னொரு தடவை என்றார்கள். இன்னொரு தடவையும் ஆடினார் மனிதர். மூன்றாவது தடவை ஆடி முடித்ததும் அந்த அம்மா உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, மேலே போடுங்கள்" என்றார்.

மேலே போட்டால், முருகன் அலங்காரம் திரை முழுக்க வருகிறது. ஒரு கிழவர் கத்தினார்: "செருப்பு! செருப்பு!" இருட்டில் இருநூறு பேர் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளும் சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை, நான் கேட்டிருக்கிறேன். அதற்குள் ஒரு அம்மா எங்கிருந்தோ கற்பூரத் தட்டோடு வந்துவிட்டார். வேட்டிக்கு ஆரத்தி! புரொஜெக்டர் பையன் தண்ணீர் வாளி தேடி ஓடினான். கிரியோல் மீனவர் ஒருவர் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். தையற்காரர் மெதுவாக எழுந்து தாழ்வாரத்துக்குப் போனார், ஆரத்தி முடிந்ததும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமில்லை, அவர் மார்க்கத்து ஒழுங்கு அது. படம் முடிந்ததும் எல்லோரையும்விட அதிகம் கேள்வி கேட்டவர் அவர்தான். இத்தனை வெயிலில் செம்பிலே பால் எப்படித் திரியாமல் இருக்கிறது என்று கேட்டார். மூலைக்கடைக்காரர் மட்டும் எதற்கும் அசையவில்லை. தன் அப்பாவின் ஊரிலும் சாமி வந்தவர்கள் கன்னத்தில் குத்திக்கொள்வார்கள், ஊசி இதைவிடப் பெரிது என்றார்.

இவ்வளவுக்கும் நடுவில் பின்னணியில் ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தது. அழகான பிரெஞ்சு. பெரியம்மாவின் முகம் திரையில் வந்தபோது அந்தக் குரல் சொன்னது: "இவர்கள் இப்போது தன்னை மறந்த நிலையில் இருக்கிறார்கள். வலியை உணர்வதில்லை."

பெரியம்மா எழுந்தார். உயரம் ஐந்தடிகூட இருக்காது. "லி ஃபேர் மால்!" என்றார், நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில். வலித்தது! "வலிக்கவில்லை என்று யார் சொன்னது? பத்து நாள் விரதம் இருந்து, தார் ரோட்டில் வெறுங்காலில் நடந்து, நாக்கில் வேலோடு போனேன். வலிக்காமல் என்ன? அந்த வலியைத்தானே முருகனுக்குக் கொடுத்தேன். வலியே இல்லை என்றால் நான் என்னத்தைக் கொடுத்தேன்?"

இயக்குநர் இறங்கி வந்து பெரியம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே உங்களைக் கேட்டிருக்க வேண்டும் அம்மா என்றார். "அன்றைக்கு நாக்கில் வேல். எப்படிக் கேட்பாய்? மறுநாள் கேட்டிருக்கலாமே" என்றார் பெரியம்மா. பெரியம்மாவுடைய மகன் டைபாய்டில் கிடந்து பிழைத்ததற்கு எடுத்த செம்பு அது. படத்தில் அந்த மகனும் இருக்கிறான், செம்புக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறான். பின்னணிக் குரலுக்கு அவன் யார் என்று தெரியாது.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம். பாரிஸ்காரருக்கு ஊசி தெரிந்தது, எங்களுக்குச் சேலை தெரிந்தது.

இது ஏதோ நம்முடைய சின்னத் தீவின் வேடிக்கை என்று நினைக்காதீர்கள். லூயி மால் என்ற பிரெஞ்சு இயக்குநர் இந்தியா முழுக்கச் சுற்றி ஒரு தொடர் எடுத்தார், 1969ல் வெளிவந்தது, ஏழு பகுதி. அதில் சென்னையைக் காட்டும் பகுதியில் மயிலாப்பூர்த் தேர் வருகிறது. பிரான்சில் மெச்சினார்கள். 1970ல் பிபிசி அதைப் பிரிட்டனில் காட்டியதும் அங்கிருந்த இந்தியர்கள் கொதித்துவிட்டார்கள். வறுமையும் சாமியாரும்தானா இந்தியா என்று கேட்டார்கள். இந்திய அரசு டெல்லியிலிருந்த பிபிசி அலுவலகத்தையே மூடவைத்தது. படம் ஒன்றுதான். நான் வெகுகாலம் கழித்து அந்தத் தேர்க் காட்சியைப் பார்த்தேன். எனக்குக் கோபமும் வரவில்லை, மெச்சவும் தோன்றவில்லை. வடம் பிடிக்கிறவர்களில் யாராவது எங்கள் தாத்தா சாயலில் இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தேன். கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளை வேறு எதைத் தேடுவான்?

ழான் ரூஷ் என்ற இன்னொரு பிரெஞ்சு இயக்குநர் எடுத்த ஒரு படம் இன்னும் விசேஷம். 1955ல் வந்தது. நைஜரிலிருந்து கோல்ட் கோஸ்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, பிழைக்கப் போனவர்களின் சாமியாட்டம் அது. அவர்கள்மீது இறங்கும் ஆவிகள் யார் தெரியுமா? கவர்னர், ஜெனரல், ரயில் எஞ்சின் ஓட்டுகிறவர்! வாயில் நுரை தள்ள வெள்ளைக்கார அதிகாரிகளாக நடக்கிறார்கள். கவர்னர் பொம்மையின் தலையில் முட்டையை உடைக்கிறார்கள், தொப்பியின் இறகு மாதிரி வழியட்டும் என்று. ஒரு நாயை வெட்டிச் சமைத்துத் தின்கிறார்கள். பாருங்கள், என் பழமொழி நாய் அங்கேயும் வந்துவிட்டது. பாரிஸில் இதைப் பார்த்த ஆப்பிரிக்கர்கள், இனிமேல் எங்களைக் காட்டுமிராண்டி என்பார்கள், காட்டாதே என்றார்கள். ரூஷின் ஆசிரியரே படத்தை அழித்துவிடு என்றார். கோல்ட் கோஸ்டின் பிரிட்டிஷ் அதிகாரிகளும் தடை போட்டார்கள். மிருகவதை ஒரு காரணம், கவர்னருக்கு அவமானம் இன்னொரு காரணம். ஆப்பிரிக்கர்களும் வேண்டாம் என்றார்கள், ஆண்டவர்களும் வேண்டாம் என்றார்கள். ஆனால் ஆண்டவர்களுக்கு முட்டை கண்ணில் பட்டது, ஆண்டவர்களிடம் அடிபட்டவர்களுக்கு நாய் கண்ணில் பட்டது.

செத்தவர் ஆடியதை மூன்று தடவை போடச் சொன்னோம் என்றேன் அல்லவா? ஆஸ்திரேலியாவில் பழங்குடி மக்களைப் பற்றிய படம் என்றால் தொடங்குமுன் ஒரு அறிவிப்பு போடுவார்கள்: இதில் இறந்தவர்களின் உருவமும் குரலும் இருக்கலாம். அங்கே பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சொல்வதும் உருவத்தைப் பார்ப்பதும் துக்க காலத்தில் விலக்கு. நாம் மாலை போட்டு மாட்டுவோம், அவர்கள் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டும் மரியாதைதான். அதேபோல 2011ல் பிபிசி நபிகள் நாயகத்தின் வாழ்க்கையை மூன்று பகுதியாகக் காட்டியது. மூன்று மணி நேரத்தில் அவர் உருவம் ஒரு தடவையும் இல்லை. இடங்களைக் காட்டினார்கள், அறிஞர்களைப் பேசவிட்டார்கள். நமக்குப் படம் என்றால் தரிசனம், வேட்டிக்கே கற்பூரம் காட்டியவர்கள் நாம். அவர்களுக்கு உருவத்தைக் காட்டாததுதான் அடக்கம்.

பாதிரியார் ஐயா இருப்பதால் ஒன்று சொல்கிறேன். ஆல்ப்ஸ் மலையில் ஒரு மடம், பேசாநோன்பு இருக்கும் கத்தோலிக்கத் துறவிகள். பிலிப் க்ரோனிங் என்ற ஜெர்மன் இயக்குநர் 1984ல் படம் எடுக்க அனுமதி கேட்டார். பதினாறு வருஷம் கழித்து, இப்போது வாருங்கள் என்று பதில் வந்தது! நம் அரசாங்க அலுவலகங்களே பரவாயில்லை. 2005ல் படம் வந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம், பின்னணிக் குரல் கிடையாது, பேச்சும் மிகக் குறைவு. ஜெர்மனியில் ஜனங்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்தார்கள். நான் வீட்டில் போட்டேன். பத்தாவது நிமிஷம் பேரன் வந்து, "தாத்தா, சவுண்ட் போய்விட்டதா?" என்றான். ஐயா மன்னிக்க வேண்டும், எனக்கும் ஒரு தவில் இருந்தால் தேவலை என்று தோன்றியது. சத்தமில்லாத சாமி நமக்குப் பழக்கமில்லை.

ஆனால் செந்த் க்ருவாவில் பேர் லவால் சமாதிக்கு நாம் எல்லோரும் போகிறோம் அல்லவா? ஒவ்வொரு செப்டம்பரும், 1864ல் அவர் மறைந்த நாளை ஒட்டி, தீவே நடக்கிறது. 1979ல் போப் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுக்குமுன்பே நம் பாட்டிமார்கள் அங்கே பூ வைத்தாயிற்று. சேலை கட்டி, பொட்டு வைத்த பெண்கள் கத்தோலிக்கக் குருவின் சமாதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை ஐரோப்பியர் பார்த்தால், இவர்கள் எப்போது மதம் மாறினார்கள் என்று கேட்பார். இந்தத் தீவில் யாரும் கேட்க மாட்டார்கள். இந்த ஊர்க் கண்ணுக்கு அது செப்டம்பர் மாதம், அவ்வளவுதான்.

ரெயூனியன் அண்ணன் முறைக்கிறார், எங்களை எப்போது சொல்வாய் என்று. சொல்கிறேன். உங்கள் ஊர்த் தீமிதிப் படங்களை இங்கே போட்டால், ஆடு வெட்டும் இடத்தில் நம் ஆட்களே முகம் சுளிக்கிறார்கள். நாங்கள் அப்படியில்லை என்கிறார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விருந்தாளி அதையே பார்த்துவிட்டு, "அட, எங்கள் ஊர் முனியாண்டி!" என்று குதித்தார். வேற்று நாட்டுக்காரர் வேறாகப் பார்ப்பது இருக்கட்டும். மூன்று தமிழர் ஒரே ஆட்டை மூன்றாகப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது செய்தி, குரல். இதற்குத்தான் வந்தேன்.

பின்னணிக் குரலை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ராபர்ட் கார்டனர் என்ற அமெரிக்க இயக்குநர் 1986ல் காசியைப் பற்றி அப்படி ஒரு படம் கொடுத்தார். தொண்ணூறு நிமிஷம், விளக்கம் இல்லை, சப்டைட்டில் இல்லை. அதில் வருகிறவர்கள் பேசுகிறார்கள், நமக்கு மொழிபெயர்த்துத் தர ஆளில்லை. கவிதை மாதிரி இருக்கிறது என்று சிலர் கொண்டாடினார்கள். காசியைத் தெரியாதவனுக்குப் பிணமும் சாமந்தியும் நாயும்தானே தெரியும் என்று சிலர் சண்டைக்குப் போனார்கள். நான் இரண்டாவது கட்சி. வாயை அடைத்துவிட்டு, கண்ணாலேயே புரிந்துகொள் என்பது பெரியம்மாவின் நாக்கில் இன்னொரு வேல் குத்துவது மாதிரி.

பாலியில் வேறு விதமாகச் செய்தார்கள். ஜெரோ தபகன் என்று ஒரு அம்மா, வைத்தியம் பார்ப்பார், சாமியும் வரும். அவர் சாமியாடிக் குறி சொன்னதை 1978ல் டிமதி ஆஷ் என்ற ஆவணப்பட இயக்குநரின் குழுவினர் படமெடுத்தார்கள். 1980ல் திரும்பப் போய் அந்தப் படத்தை அவருக்கே போட்டுக் காட்டி, அவர் பார்த்துப் பேசுவதை இன்னொரு படமாக எடுத்தார்கள். பெரியம்மா எங்கள் கூடத்தில் எழுந்து நின்றாரே, அதைத் திட்டமிட்டுச் செய்திருக்கிறார்கள்! உள்ளே என்ன நடந்தது என்று உடையவளே சொல்கிறாள். இதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பிரெஞ்சுப் பிள்ளைகள் அன்று இரவு இன்னொரு காமிரா வைத்திருந்தால்!

இங்கே பின்வரிசையில் ஒரு தம்பி கையைத் தூக்குகிறார். பெரியம்மா கிரியோலில்தானே பேசினார், தமிழ் எங்கே வந்தது என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. கிரியோலுக்கு நான் எதிரி இல்லை. 2012ல் அது பள்ளிக்கூடத்தில் பாடமாக வந்தபோது கைதட்டினவர்களில் நானும் ஒருவன். ஆனால் தம்பி, பெரியம்மா எவ்வளவோ கிரியோலில் சொல்லிவிட்டு, ஒரு இடத்தில் தடுக்கி நின்று தமிழுக்குத் தாவினார். 'நேர்த்திக்கடன்.' அந்தச் சொல் கிரியோலில் அவருக்கு வரவில்லை. படத்தின் பிரெஞ்சில் அதைத்தான் 'ப்ரொமெஸ்' என்று போட்டிருந்தார்கள், வாக்குறுதி என்று. வாக்குறுதி கொடுத்தவன் மனம் மாறலாம். கடன் பட்டவள் மாற முடியுமா? கடன் அடைந்த அன்றைக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வரும் என்று கடன் வாங்கினவர்களுக்குத்தான் தெரியும். அந்த ஒரு சொல் படத்தில் இருந்திருந்தால் பாரிஸில் முகத்தை மூடிக்கொண்டவர்களில் பாதிப் பேர் கையை எடுத்துப் பார்த்திருப்பார்கள். கடன் எந்த ஊரில் இல்லை?

நம்மிடம் இந்த மாதிரிச் சொற்கள் எத்தனை மிச்சம்? அலகு, கரகம், மாவிளக்கு, சாமி வருகிறது, மலையேறுகிறது. கோவில் மடப்பள்ளியில் இருக்கும் அம்மாக்கள் சொல்கிறார்கள். அவர்கள் மகள்கள் புரிந்துகொள்கிறார்கள். பேத்திகள் போனில் படமெடுத்து, இசை போட்டு, ஆங்கிலத்தில் மூன்று வார்த்தை எழுதி அனுப்புகிறார்கள். நாம் பிரெஞ்சுக்காரரைக் குறை சொன்னோமே, இப்போது நம் வீட்டுப் பிள்ளையே பெரியம்மா வலியை உணர்வதில்லை என்று எழுதுகிறாள். அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

1998 நினைவிருக்கிறதா? நம் மொரீஷியஸின் புது ரூபாய் நோட்டில் தமிழும் இந்தியும் இடம் மாறி வந்தபோது நாம் எப்படிக் கிளர்ந்தோம்! அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறவைத்தோம். நானும் குரல் கொடுத்தேன், பெருமைதான். இன்றைக்கு உங்கள் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லுங்கள். எடுங்கள், எடுங்கள், திருப்பித் தந்துவிடுவார்கள். ... நான் எதுவும் சொல்லவில்லை. முதல் வரிசையிலேயே மூன்று நோட்டு திரும்பி வந்துவிட்டது, சத்தமில்லாமல்.

நான் ஓய்வுபெறும்போது கடைசியாகப் பாடம் எடுத்த வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். சேர்ந்த வருஷம் நாற்பத்திரண்டு. எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லப்போவதில்லை. ஒரு நாள் ஒரு தகப்பனார் வந்து, "சேர், இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்றார். அவருக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்குச் சொல்வேன்: உங்கள் அம்மாவைப் படமெடுக்க யாராவது வந்தால், நடுவில் உட்கார்ந்து கேட்கிற வேலை கிடைக்கும்.

ஆகவே நகரசபை அம்மையார் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். இந்தத் தீவில் இனி எந்தக் கோவிலில் யார் காமிரா வைத்தாலும் மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். பக்தர் பேசுவது அவர் வாய்மொழியிலேயே இருக்கட்டும், கீழே சப்டைட்டில் ஓடட்டும். நேர்த்திக்கடனை நேர்த்திக்கடன் என்றே எழுதட்டும், பார்க்கிறவர் கற்றுக்கொள்ளட்டும். ஜப்பான்காரர் சுஷி என்றால் கற்றுக்கொள்ளவில்லையா? படம் முடிந்ததும் முதலில் அந்த ஊரில் போட்டுக் காட்டட்டும். அம்மையார் தலையாட்டுகிறார். கூட்டத்தில் இத்தனை சாட்சி இருக்கிறது.

மூன்றாவது செய்தி காசு என்று சொன்னேன். அது பெரிய விஷயம். சுற்றுலாவுக்காக எடுக்கிற படம், தொலைக்காட்சிக்காக எடுக்கிற படம், மடம் பணம் கொடுத்து எடுக்கிற படம் என்று ஒவ்வொன்றிலும் ஊசி ஒவ்வொரு அளவில் இருக்கும். அதற்குள் போனால் பொழுது விடிந்துவிடும். அடுத்த வருஷம் கூப்பிடுங்கள்.

செயலாளர் தம்பி கையைக் காட்டுகிறார், இலை போட்டாயிற்றாம். ஒரே ஒரு அறிவிப்பு. காவடி முடிந்து வரும் முதல் சனிக்கிழமையிலிருந்து, காலை ஒன்பது மணிக்கு, இதே கோவில் பின்கட்டில் தமிழ் வகுப்பு. பத்து வயதிலிருந்து யாரும் வரலாம், கட்டணம் கிடையாது. புத்தகம் கொண்டுவர வேண்டாம். போனை சார்ஜ் செய்துகொண்டு, பாட்டியைக் கையோடு அழைத்துக்கொண்டு வாருங்கள். முதல் பாடம், பிள்ளைகள் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டு அதை ரெக்கார்ட் செய்ய வேண்டும். கேள்வியை நானே எழுதித் தருகிறேன்: "பாட்டி, எந்தக் கடனுக்குச் செம்பு எடுத்தீர்கள்? வலித்ததா?"

பெயர் கொடுக்க வேண்டியவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் என்னைப் பிடிக்கலாம். இதுவரை நாலு பெயர் சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்று என் பேரன், அவனுக்கு இன்னும் தெரியாது.